தோட்டத்திலிருந்து தாமானுக்கு: பத்து காஜா வட்டாரத் திட்டமிட்ட குடியிருப்புகளில் வணிக வளர்ச்சியும் வாழ்தகவும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் குடியிருப்பு வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தோட்டம், நகரம் என்னும் இரு நிலைகளையே பேசுவர். இவ்விரண்டிற்கும் இடையே தோட்டப்புறத் தமிழரில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்த மூன்றாவது இடம் ஒன்றுண்டு. அது வீடமைப்புப் பகுதி. மக்கள் வழக்கில் 'தாமான்'. லயத்தில் பிறந்து தாமானில் முதுமை எய்தும் ஒரு தலைமுறை இன்று நம் கண்முன் உள்ளது. அவர்தம் அன்றாட வாழ்வை எது எளிதாக்குகிறது, எது கடினமாக்குகிறது என்னும் வினா, சமூகவியலாருக்கு மட்டுமன்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கும் உரியது. ஏனெனில் பிள்ளை எவ்வழியே பள்ளிக்கு வருகிறது என்பதும் அவ்வினாவுள் அடங்கும்.

பேராக் மாநிலத்தின் பத்து காஜாவையும் அதனைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கையும் களமாகக் கொண்டு, விரிந்துவரும் திட்டமிட்ட குடியிருப்புகளில் கடைகள் பெருகுவதற்கும் அங்கு வாழ்வோரின் நலத்திற்கும் உள்ள தொடர்பை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓரிடம் மனிதர் இயல்பாக வாழ்வதற்குத் தகுந்திருக்கும் தன்மையை இங்கு 'வாழ்தகவு' எனக் குறிப்பிடுகிறோம். கடைகள் மிகுந்தால் வாழ்தகவு உயரும் என்பது மேம்பாட்டு நிறுவனங்களின் விளம்பரக் கூற்று. குறையும் என்பது அமைதியை நாடும் குடியிருப்பாளரின் முறையீடு. இரண்டும் அரைகுறையே. கடைகள் எந்தக் கணக்கில், எவ்விடத்தில், எவர் நடந்து சேரும் தொலைவில் கட்டப்படுகின்றன என்பதை நோக்கினால்தான் உண்மை புலப்படும்.

ஈயமும் பால்மரமும் அமைத்த ஊர்

1880களில் கிந்தா மாவட்டத்தின் நிருவாகத் தலைமையிடமாக வளர்ந்த ஊர் பத்து காஜா. நீதிமன்றமும் மருத்துவமனையும் அரசு அலுவலகங்களும் சங்காட் மேட்டில் அமைந்தன; கடைத்தெரு தாழ்நிலத்தில் அமைந்தது. 1890களில் கிந்தாப் பள்ளத்தாக்கினூடே இருப்புப்பாதை இடப்பட்டது. ஈப்போ பின்னர் வணிகத்தில் முந்திச் சென்றுவிட்ட போதிலும், கிந்தா மாவட்ட நில அலுவலகம் இன்றும் பத்து காஜாவிலேயே உள்ளது. பூசிங், பாப்பான், சிப்பூத்தே, துரோனோ, தஞ்சோங் துவாலாங் என ஈயத்தால் எழுந்த சிற்றூர்கள் அதனைச் சூழ்ந்துள்ளன.

ஈயத்தோடு பால்மரமும் இவ்வட்டாரத்தை உருவாக்கியது. வில்லியம் கெல்லி சுமித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் கோப்பேங் செல்லும் சாலையருகே 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தமையால் முற்றுப்பெறாது நின்றுபோன மாளிகையைச் சுற்றுலாப் பயணிகள் அறிவர். அம்மாளிகையைக் கட்டிய தமிழ்த் தொழிலாளரையும் அவர்கள் வழிபட்ட மாரியம்மன் கோயிலையும் அறிந்தோர் அத்துணைப் பேர் இலர். கிந்தா கெல்லாஸ், கிந்தா வேலி என்னும் தோட்டப் பெயர்கள் இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் இன்றும் வாழ்கின்றன.

இவ்விரு தொழில்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தளர்ந்தன. தஞ்சோங் துவாலாங் அருகே காட்சிப்பொருளாக நிற்கும் ஐந்தாம் எண் ஈயவாரிக் கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982இல் ஓய்ந்தது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்தபோது ஈய விலை சரிந்து, கிந்தாவின் எஞ்சிய சுரங்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தோட்டங்களின் கதை அதற்கும் முன்னரே தொடங்கிவிட்டது. 1950களில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டபோது அவை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. பேராசிரியர் உங்கு அசீஸ் இத்துண்டாடலை விரிவாக ஆராய்ந்தார். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தோற்றுவித்ததும் இதனாலேயே. தோட்டம் விற்கப்பட்டால் வேலை மட்டுமன்றி வீடும் போயிற்று. தாமானுக்கான தேவை பிறந்த இடம் அதுவே.

லயமும் ஒரு திட்டமே

'திட்டமிட்ட குடியிருப்பு' என்றவுடன் நம் ஆய்வாளர் எபனேசர் ஹவர்டு 1898இல் முன்வைத்த தோட்ட நகரக் கருத்தை நினைவுகூர்வது வழக்கம். அக்கருத்தை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர், 1921இல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் நகரத் திட்டமிடுநராக வந்த சார்லஸ் ரீட். வீடு, தொழில், கடை, பசும்பரப்பு ஆகியவை நடைத் தொலைவுக்குள் இணைந்திருத்தல் வேண்டும் என்பது அக்கருத்தின் சாரம். வியப்பு யாதெனில், ரீட் வருவதற்கு முன்னரே இந்நாட்டில் வேறொரு 'தோட்ட நகரம்' இருந்தது. லயம், தொழிற்சாலை, பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பள்ளி, கோயில், தோட்டக் கடை, கள்ளுக்கடை எனத் தேவைப்பட்டவை யாவும் அதில் காலால் நடந்து சேரும் தொலைவில் இருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்தது.

ஆயின் அத்திட்டம் முழுவதும் ஒரே முதலாளியின் பிடியில் இருந்தது. தோட்டக் கடையும் அவ்வாறே. சம்பள நாள்வரை கடனில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் வாங்கி, மூன்று ஐந்துகள் அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் கணக்கு எழுதிவைத்து, சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் முறை இருந்தது. அக்கடன் குடும்பத்தைத் தாங்கியது. அதுவே அதனைக் கட்டியும் போட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. எனவே லய வாழ்வைப் பொற்காலமாகப் போற்றுவதில் இக்கட்டுரையாளருக்கு உடன்பாடில்லை. எனினும், நடைத் தொலைவு என்னும் ஒரு நன்மை அங்கு இருந்தது. சொந்த வீடு என்னும் பெரும்பேறு தாமானில் கிடைத்தபோது அந்நன்மை கைநழுவிப் போயிற்று. இதனைக் கணக்கில் கொள்ளாமல் தாமானின் வாழ்தகவைப் பேசுதல் இயலாது.

விளைநிலம் கட்டட நிலமாதல்

ஒரு தோட்டம் தாமானாக மாறும் முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத் தொகுப்பு நிலப் பயன்பாட்டை வேளாண்மை, கட்டடம், தொழிலியல் என மூவகைப்படுத்துகிறது. பால்மரமோ செம்பனையோ நின்ற நிலத்தில் வீடு கட்ட வேண்டுமாயின், மாநில அரசின் ஒப்புதலோடு அதன் வகையை மாற்றி, மாற்றுக் கட்டணம் செலுத்தி, மனைகளாகப் பிரித்தல் வேண்டும். சாலை, வடிகால், பொதுத்திடல் ஆகியவற்றுக்கான நிலம் அரசிடம் ஒப்படைக்கப்படும். நிலப்பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக விடுவது பொதுவாகப் பின்பற்றப்படும் வழிகாட்டி. 1976ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் ஊராட்சி மன்றம் திட்ட அனுமதி வழங்கும்.

எத்துணை வீடு, எத்துணைக் கடை, எவ்விடத்தில் பள்ளி என்பவை இக்கட்டத்தில்தான் முடிவாகின்றன. வரைபடத்தில் ஒருமுறை இடம்பெறாதது பின்னர் இடம்பெறுதல் அரிது.

கடைவரிசையின் கணக்கு

தாமானின் நுழைவாயிலில், பெருஞ்சாலையைப் பார்த்தவாறு ஈரடுக்குக் கடைவரிசைகள் நிற்பதைப் பேராக்கின் எச்சிற்றூரிலும் காணலாம். அவற்றுள் சில நிரம்பியிருக்க, பல இரும்புக் கதவு சாத்திக் கிடக்கும். மக்கள் தேவைக்கெனக் கட்டிய கடைகள் வெறுமையாகக் கிடப்பானேன்? விடை, அவை முதன்மையாக மக்கள் தேவைக்கெனக் கட்டப்படவில்லை என்பதேயாகும்.

1982 முதல் நடப்பிலிருந்த கொள்கைப்படி, மேம்பாட்டு நிறுவனங்கள் தம் திட்டத்தில் முப்பது விழுக்காட்டை மலிவு விலை வீடுகளுக்கு ஒதுக்கி, அவற்றை 25,000 ரிங்கிட்டுக்கு மேற்படாது விற்க வேண்டியிருந்தது. 1998இல் அவ்வுச்ச விலை இடத்திற்கேற்ப 42,000 ரிங்கிட்வரை உயர்த்தப்பட்டது. தோட்டப்புறக் குடும்பங்கள் பல முதன்முதலாகச் சொந்த வீடு கண்டது இவ்வகை வீடுகளில்தான். இவ்விலையில் வீடு கட்டுவதால் ஏற்படும் இழப்பை நிறுவனம் பிறிதோரிடத்தில் ஈடுசெய்தாக வேண்டும். நடுத்தர விலை வீடுகளும், அவற்றினும் மேலாகக் கடைவீடுகளும் அவ்வீட்டைத் தந்தன. ஆகவே கடைவரிசையை மலிவு வீட்டின் மறைமுகப் புரவலர் எனலாம். கடைகளைக் குறை கூறுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஊராட்சி மன்றத்திற்கும் கடைகள் உவப்பானவை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மதிப்பீட்டு வரியானது ஆண்டு வாடகை மதிப்பில் முப்பத்தைந்து விழுக்காட்டையோ, மேம்பட்ட மதிப்பில் ஐந்து விழுக்காட்டையோ தாண்டலாகாது. இவ்வரம்பிற்குள், கடைக்கு வாடகை மதிப்பு மிகுதியாதலால் வரியும் மிகுதி. உரிமக் கட்டணமும் உண்டு. பெருநகர வருவாய் இல்லாத பத்து காஜா மாவட்ட மன்றம் போன்ற அமைப்புகள் வடிகாலைத் தூர்வாரவும் தெருவிளக்கை மாற்றவும் இவ்வருவாயையே நோக்கியிருப்பது இயல்பு.

இங்ஙனம், கட்டுபவருக்கும் ஒப்புதல் தருபவருக்கும் கடைகள் மிகுவது நன்மை. வாங்கும் ஆற்றல் அதற்கு ஈடுகொடுக்குமா என்பதே வினா. ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். தாமானில் 800 வீடுகள் உள்ளன. வீடொன்று மாதம் 500 ரிங்கிட்டை அருகிலுள்ள கடைகளில் செலவிடுகிறது எனின், மொத்தம் 400,000 ரிங்கிட். வாடகை, ஆள்கூலி, சரக்கு யாவும் போக ஒரு கடை நிலைக்க மாதம் 50,000 ரிங்கிட் விற்பனை வேண்டுமெனின், எட்டுக் கடைகளே நிலைக்கும். வரைபடத்திலோ எண்பது கடைகள் உள்ளன. எஞ்சிய எழுபத்திரண்டும் வெளியார் வந்தாலன்றிப் பிழையா. வெளியாரைக் கவர்வதற்காகக் கடைகள் பெருஞ்சாலையை நோக்கித் திரும்புகின்றன. வாகனம் நிறுத்துமிடம் விரிகிறது. கடைகளுக்கும் பின்வரிசை வீடுகளுக்கும் இடைத்தொலைவு மிகுகிறது. மலிவு விலை வீடுகள் பெரும்பாலும் அப்பின்வரிசையிலேயே அமைவதால், நடந்து செல்ல வேண்டிய தேவை மிகுந்தோர்க்கே நடை நீளுகிறது.

வாங்குவோர் பாதுகாப்பு குறித்தும் ஒன்று கூற வேண்டும். 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் வீடு வாங்குவோரைக் காக்கிறது. வணிகத்திற்கென்றே விற்கப்படும் கடைமனைகளுக்கு அச்சட்டத்தின் காப்பு இல்லை. ஓய்வூதியத் தொகையைக் கடையொன்றில் முடக்குவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. நம் ஆசிரியர்களில் சிலருக்கும் இது பொருந்தும்.

வெறுமையான கடை வெறுமையாகவே கிடப்பதில்லை. மேல்மாடியைப் பறவைக்கூடு வளர்ப்புக்கு விடுவோர் உண்டு. கீழ்த்தளம் மோட்டார் பட்டறையாகவோ கிடங்காகவோ மாறும். இத்தகைய கடைகள் பெருகுவதும் வணிக வளர்ச்சியே. எனினும் அதனால் குடியிருப்பாளருக்கு வாய்ப்பவை இரைச்சலும் எண்ணெய்க் கழிவும்தான். மாறாக மளிகைக் கடை, மருந்தகம், மாவரைக்கும் ஆலை, தையற்கடை, மாலை கட்டும் கடை, காலையில் தோசை வார்க்கும் உணவுக்கடை ஆகியவை வாழ்தகவை நேராக உயர்த்துவன. வரைபடத்தில் இரண்டும் 'வணிகம்' என்னும் ஒரே வண்ணத்தில் தீட்டப்படுவதே இடர்ப்பாடு. எவ்வகைக் கடை எவ்விடத்தில் எனப் பாகுபடுத்தும் கருவிகளுள் ஒன்று ஊராட்சி மன்றத்தின் உரிமம் வழங்கும் அதிகாரம்.

பல்கலைக்கழகத்தை நம்பி வளர்ந்த அண்டை ஊர்களை நோக்கின் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். துரோனோவை அடுத்த ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1997இல் தோன்றியது. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் 2007இல் இயங்கத் தொடங்கியது. இரண்டிடத்தும் கைவிடப்பட்ட சுரங்க நிலத்தருகே புதிய நகர்கள் எழுந்து, கடைகள் மாணவரால் உயிர்பெற்றன. மாணவர் வாடிக்கையோ நகலெடுப்பு, துரித உணவு, கைப்பேசி ஆகியவற்றைச் சார்ந்தது. விடுமுறைக் காலத்தில் வற்றுவது. பத்து காஜாவில் அத்தகைய பெருவளாகம் இல்லை. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே மின்தொடர்வண்டி 2010இல் ஓடத் தொடங்கியதும், தொடர்வண்டி உற்பத்தித் தளம் ஒன்று 2015இல் திறக்கப்பட்டதும் இவ்வூருக்குக் கிடைத்த புதிய ஊன்றுகோல்கள். தலைநகருக்குப் பயணம் எளிதானால் ஊரில் வீடு வாங்குவோர் மிகுவர். அவர்தம் செலவு ஊரில் மிகுமா என்பது வேறு. வெளியூரில் வாரமெல்லாம் உழைப்பவர் அங்கேயே பொருள் வாங்கிவந்தால் தாமான் இரவில் உறங்கும் இடமாக மட்டுமே எஞ்சும்.

தமிழகத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. 1968இல் உலக வணிகக் கண்காட்சி நடைபெற்ற நிலத்தைச் சூழ்ந்து சென்னை அண்ணா நகர் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. அகன்ற சாலைகளைக் கொண்ட அக்குடியிருப்பில் காலப்போக்கில் பெருஞ்சாலை வீடுகள் கடைகளாகவும் வங்கிகளாகவும் மாறின. அங்குக் கடைகளுக்கு இடம் போதாமல் வீடுகள் கடைகளாயின. பேராக்கின் சிற்றூர்களில் கடைகள் மிகுந்து ஆளின்றிக் கிடக்கின்றன. மக்கள் நெருக்கமும் நிலவிலையும் வேறுபடுவதால், அந்நகரின் தீர்வுகளை இங்கு அப்படியே பொருத்துதல் தகாது.

நாளங்காடியும் அல்லங்காடியும்

பழந்தமிழ் நகரங்களில் அங்காடி எங்கிருந்தது? சிலப்பதிகாரம் காட்டும் புகாரில், கடலையடுத்த மருவூர்ப்பாக்கத்துக்கும் உள்நகராகிய பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மரங்களுக்கிடையே நாளங்காடி அமைந்திருந்தது. மதுரைக்காஞ்சி நாளங்காடியோடு இரவில் இயங்கும் அல்லங்காடியையும் பேசுகிறது. இரு குடியிருப்புகளுக்கும் எட்டும் இடைவெளியில், நிழலில், அங்காடி இருந்தது என்பது நோக்கத்தக்கது.

'பாசார் மாலாம்' என்பதை நாம் 'இரவுச் சந்தை' என மொழிபெயர்த்து வழங்குகிறோம். கையருகே 'அல்லங்காடி' இருக்க இவ்வொட்டுச்சொல் எதற்கோ தெரியவில்லை. அது நிற்க. திட்டத்தில் இல்லாத வணிகம் தாமானின் குறையை எவ்வாறு நிரப்புகிறது என்பதற்கு இவ்வல்லங்காடியே சான்று. வாரத்தில் ஒருநாள் மாலை, தாமானின் ஒரு சாலையை அடைத்துக் கூடாரங்கள் எழும். காய்கறி, மீன், உடை, பலகாரம் யாவும் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் வந்து சேரும். முதியோரும் சிறாரும் ஒருவரையொருவர் காணும் இடமாகவும் அது ஆகிறது. கடைவரிசைக்கு ஆகும் முதலீட்டில் ஒரு சிறு பகுதியும் இன்றி, அது தரவேண்டிய பயனில் பெரும்பகுதியை இது தருகிறது.

பழைய பத்து காஜாக் கடைத்தெருவின் ஐந்தடி நடைபாதையும் இத்தகையதே. 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த நகரமைப்பு நெறியிலிருந்து மலாயா முழுதும் பரவிய இவ்வமைப்பை நம் முன்னோர் 'அஞ்சடி' என்றனர். வெயிலும் மழையும் படாமல் கடைக்குக் கடை நடக்கலாம்; அதன் ஓரத்தில் வெற்றிலை விற்கலாம், பூ கட்டலாம், செருப்புத் தைக்கலாம். புதிய கடைவரிசைகளிலும் இந்நடைபாதை உண்டு. எனினும் அது வரிசையின் கோடியில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து வீட்டு வாயில் வரை நிழலில்லை, பல இடங்களில் நடைமேடையும் இல்லை. வாகனம் ஓட்டத் தெரியாத ஒரு மூதாட்டிக்கு அரைக் கிலோமீட்டரில் உள்ள கடையும் எட்டாத் தொலைவே.

பள்ளியும் கோயிலும் வரைபடத்தில் எங்கே?

தமிழ்ச் சமூகத்திற்கு வாழ்தகவு என்பது கடையோடு முடிவதில்லை. தோட்டம் கலைந்தபின் குடும்பங்கள் தாமானுக்குப் பெயர்கின்றன. பள்ளியும் கோயிலும் பழைய நிலத்திலேயே நின்றுவிடுகின்றன. பள்ளி நிற்கும் நிலம் தோட்ட நிறுவனத்துக்கு உரியதாயின் அப்பள்ளி பகுதி உதவிபெறும் பள்ளியாகவே நீடிக்கும் நிலை நம் ஆசிரியர்கள் நன்கறிந்தது. சுற்றிலும் செம்பனை, நடுவே பள்ளி, மாணவரோ பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து பேருந்தில் வருகின்றனர். பேருந்துக் கட்டணம் சுமையாகும்போது, தாமானுக்கருகே உள்ள தேசியப் பள்ளியைப் பெற்றோர் நாடுகின்றனர். மொழிப்பற்றுக் குறைந்தது என்று அவர்களைக் குறை கூறுதல் எளிது. தொலைவை அளந்து பார்த்தோர் சிலரே.

புதிய தாமான் வரைபடத்தில் பள்ளிக்கென நிலம் ஒதுக்கப்படுகையில் அது தேசியப் பள்ளிக்கே செல்வது பொது வழக்கு. தமிழ்ப்பள்ளி அங்கு வர வேண்டுமெனின், மாணவர் குறைந்த தோட்டப் பள்ளியின் உரிமத்தை இடம் மாற்றிக் கொணர்வதே பெரும்பாலும் உள்ள வழி. அதற்கு நிலம் முன்கூட்டியே கிடைத்திருத்தல் வேண்டும். கோயிலுக்கும் அஃதே. தோட்ட நிலம் கட்டட நிலமாக மாறுமுன் கோயில் மனையைத் தனியே பிரித்துப் பட்டா பெறாவிடின், பின்னர் அது பிறர் நிலத்தில் நிற்கும் கட்டடமாகிவிடும்.

இவ்விடத்தில் பள்ளிக்கும் கடைக்கும் உள்ள தொடர்பையும் சுட்ட வேண்டும். பள்ளி வந்த இடத்தில் எழுதுபொருட் கடை, சிற்றுண்டி, துணைப்பாட வகுப்பு, தையற்கடை ஆகியவை தாமே தோன்றுகின்றன; கோயில் வந்த இடத்தில் பூக்கடையும் வழிபாட்டுப் பொருட்கடையும் வருகின்றன. இவை நாள்தோறும் நடந்து வருவோரை நம்பும் கடைகள். வெறுமையாகக் கிடக்கும் கடைவரிசைக்கு இதனினும் உறுதியான வாடிக்கை வேறில்லை. பள்ளிக்கு நிலம் ஒதுக்குவதை இழப்பாகக் கருதும் மேம்பாட்டு நிறுவனம் இக்கணக்கைப் பார்ப்பதில்லை.

எப்போது, எங்கே கேட்பது?

ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தால் நீக்கப்பட்டன. மன்ற உறுப்பினர் மாநில அரசால் நியமிக்கப்படுவதால், குடியிருப்பாளர் வாக்கால் கருத்துரைக்கும் வழி இல்லை. எஞ்சியிருப்பவை திட்டமிடல் சட்டம் தரும் இரு வாயில்கள். முதலாவது, வட்டாரத்தின் எதிர்கால நிலப்பயன்பாட்டைக் காட்டும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலம். பள்ளி, வழிபாட்டிடம், அல்லங்காடி ஆகியவற்றுக்கு நிலம் வேண்டுமென்னும் கோரிக்கையை எழுத்து வடிவில் அளிக்க உரிய நேரம் அதுவே. இரண்டாவது, உள்ளூர்த் திட்டம் இன்னும் நடப்புக்கு வராத இடங்களில், திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் வந்தால் அண்டை நில உரிமையாளருக்கு ஊராட்சி மன்றம் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது. அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து இருபத்தொரு நாள்களுக்குள் அவர்கள் மறுப்புத் தெரிவிக்கலாம்.

இவ்விரண்டாம் உரிமை நில உரிமையாளருக்கே உரியது என்பதனை அழுத்திக் கூற வேண்டும். தோட்ட நிலத்தில் பட்டாவின்றி நிற்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் அவ்வறிவிப்பு வராது. ஆதலின் அவற்றின் பொறுப்பாளர்க்கு முதல் வாயிலே முதன்மையானது. பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தம் மாணவர் எந்தெந்தத் தாமானிலிருந்து, எத்துணைத் தொலைவு, எவ்வூர்தியில் வருகின்றனர் என்பதை ஆண்டுதோறும் பட்டியலிட்டு வைத்திருப்பின், வரைவுத் திட்டம் வெளிவரும் நாளில் ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவில் அளிப்பதற்கு அதுவே சான்றாகும். அப்பட்டியலுக்கு வேண்டிய விவரங்கள் பள்ளியின் மாணவர் பதிவேட்டிலேயே உள்ளன.